ஜெயிச்சதும் தோத்ததும் ஸ்பானிஷில்: ஆங்கிலம் குறுக்கே நிற்கும் இடங்கள்

2022 டிசம்பர் 18 இரவு. கத்தாரின் லுசைல் மைதானத்தில் ஆட்டம் 3-3 என்று நின்று, பெனால்டியில் 4-2 என்று முடிந்து, அர்ஜென்டினா உலகக்கோப்பையைத் தூக்கியது. கீழக்கரையில் எங்கள் தெரு முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பையன், பத்தாம் வகுப்புப் படிக்கிறவன், கைபேசியோடு ஓடிவந்தான். (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.)

"காக்கா, 'அர்ஜென்டினா பிரான்சை ஜெயிச்சிருச்சு'ன்னு ஸ்பானிஷ்ல எழுதித் தாங்க. ஸ்டேட்டஸ் வைக்கணும்."

நான் சொல்வதற்குள் அவனே தொடர்ந்தான். ஆங்கிலத்தில் 'வின்' என்ற சொல்லுக்குப் பின்னால் தோற்ற நாட்டின் பேரை எழுதக் கூடாது, 'பீட்' என்றுதான் எழுத வேண்டும் என்று அவன் வாத்தியார் பலமுறை திருத்தியிருக்கிறார். அதனால் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் 'பீட்' என்று மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறான். வந்த சொல் 'கொல்பெயார்'. அதற்குப் பொருள் அடிப்பது, கையால் குத்துவது. அதை அப்படியே போட்டிருந்தால் அர்ஜென்டினா பிரான்சைப் போட்டு அடித்தது என்று ஆகியிருக்கும்.

நான் அவனிடம் சொன்னது இதுதான்: "உன் மனசுல தமிழ்ல வந்தது பாரு, 'பிரான்சை ஜெயிச்சிருச்சு'ன்னு, அது ஸ்பானிஷுக்கு அப்படியே சரி. நீ நடுவுல இங்கிலீஷுக்குப் போயிட்டு வந்ததுலதான் வழி மாறிருச்சு."

சரக்குக் கப்பலில் 11 வருஷம் வேலை பார்த்தவன் நான். பெரு, ஈக்வடார் நாட்டுக்காரர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டுத்தான் ஸ்பானிஷ் வந்தது. இப்போது கப்பலுக்குப் போகிற தம்பிமார் சிலருக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறேன். வெற்றி தோல்விச் சொற்களில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே அதை மட்டும் எடுத்து, ஒன்றுமே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. நாம் அதிகம் பார்க்கப் போகிற சொற்கள் மூன்று: கனார், பெர்தேர், பென்செர். கனாரின் முதல் எழுத்தைக் 'கௌரி' என்று பேர் சொல்லும்போது வரும் ஒலியில் சொல்லுங்கள். பென்செரின் முதல் எழுத்து 'பஸ்' என்பதில் வருவது போல. பெர்தேரில் வரும் 'தே'யை மெல்ல, 'பாதை'யின் நடு எழுத்துப் போல. மூன்றிலும் அழுத்தம் கடைசி அசையில் விழும்.

'பிரதர்' என்றால் யார்?

ஆங்கிலத்தில் ஒருவர் 'மை பிரதர்' என்று சொன்னால் நாம் உடனே கேட்கிற கேள்வி, அண்ணனா தம்பியா என்பதுதான். ஆங்கிலக்காரருக்கு அந்தக் கேள்வியே எழாது. அவர் மொழி இரண்டு பேரையும் ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டது. நம் மொழி பிரித்து வைத்திருக்கிறது. கீழக்கரையில் காக்கா என்பார்கள், மண்டபம் ஊரில் அண்ணே என்பார்கள், ஆனால் தம்பியோடு சேர்த்து ஒரே சொல்லில் யாரும் கூப்பிடுவதில்லை.

சோறு, அரிசி, நெல் மூன்றும் அப்படித்தான். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரும்பாலும் ஒன்று.

ஒரு சொல் எவ்வளவு தூரம் வரைக்கும் பொருள் தருகிறதோ, அந்த எல்லைக்குப் பொருட்பரப்பு என்று பேர். இந்தக் கட்டுரையில் முக்கியமான கலைச்சொல் இது ஒன்றுதான். இரண்டு மொழிகளில் உள்ள இரண்டு சொற்களின் பொருட்பரப்பு அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருப்பது அரிது. ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். அகராதியில் 'வின் என்றால் கனார்' என்று ஒற்றை வரியாகப் போட்டிருப்பது, இரண்டும் தொட்டுக்கொள்கிற ஓர் இடத்தை மட்டும் காட்டுகிறது. தொடாத இடங்களை நாமேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது: ஒவ்வொரு மொழியும் உலகத்தைத் தன் இஷ்டத்துக்குக் கூறு போடுகிறது. எந்தச் சொல்லுக்கு எது இணை என்று கேட்பதற்கு முன், அந்தச் சொல் எதுவரைக்கும் போகும் என்று கேட்க வேண்டும்.

கோப்பையையா, ஆட்டத்தையா, ஆளையா?

தொண்டிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் திருவிழா சமயத்தில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். பாய் நிறையக் காற்று வாங்கிப் படகு ஒரு பக்கம் சாயும்போது, மறுபக்கம் நீட்டியிருக்கும் பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுப்பார்கள். கரையில் நிற்கிற கூட்டம் ஒவ்வொரு படகையும் பேர் சொல்லிக் கத்தும். முதலில் கரை தொட்ட படகைப் பற்றிச் சாயங்காலம் டீக்கடையில் மூன்று விதமாகப் பேசுவார்கள்.

போட்டியில ஜெயிச்சுட்டாங்க. கோப்பையை ஜெயிச்சுட்டாங்க. மோர்ப்பண்ணைக்காரங்களை ஜெயிச்சுட்டாங்க.

தமிழில் மூன்றுக்கும் ஒரே வினை, ஜெயி. ஆங்கிலம் இங்கே ஒரு சுவர் எழுப்பியிருக்கிறது. போட்டிக்கும் கோப்பைக்கும் 'வின்'. ஆளுக்கு 'வின்' வரவே வராது, 'பீட்'தான். நம் பிள்ளைகள் 'இந்தியா வோன் பாகிஸ்தான்' என்று எழுதித் திட்டு வாங்குவது, தமிழ் வினையை ஆங்கிலச் சட்டைக்குள் திணிப்பதால். அது அறியாமை இல்லை. தமிழில் முழுக்கச் சரியான ஒரு வாக்கியத்தைத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

ஒரு வினை யார் மேல் அல்லது எதன் மேல் போய் விழுகிறதோ அதை இலக்கணத்தில் செயப்படுபொருள் என்பார்கள். 'வின்'னுக்கு ஆள் செயப்படுபொருளாக வராது. 'ஜெயி'க்கு வரும். கேள்வி, கனாருக்கு வருமா?

வரும். கனோ எல் பர்தீதோ என்றால் ஆட்டத்தை ஜெயித்தது. கனோ லா கோப்பா என்றால் கோப்பையை ஜெயித்தது. அப்புறம் நம் பையன் கேட்டது: அர்ஹெந்தினா லே கனோ அ ஃப்ரான்சியா. அர்ஜென்டினா பிரான்சை ஜெயித்தது. ஆள் வரும்போது மட்டும் பேருக்கு முன்னால் 'அ' என்ற சின்னச் சொல் சேரும். நாம் பேருக்குப் பின்னால் 'ஐ' போடுவது போல அவர்கள் முன்னால் 'அ' போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட வரும் 'லே'க்கு 'அவருக்கு' என்று பொருள், பேச்சில் அதுவும் ஒட்டிக்கொண்டு வரும்.

கோப்பா என்ற சொல் காதில் பழக்கமாக இருக்கிறதல்லவா? நம் கோப்பை போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. முத்துக்கும் வியாபாரத்துக்கும் 16-ம் நூற்றாண்டில் இந்தக் கரையோரம் வந்தவர்கள் விட்டுப்போன சொற்களில் ஒன்று. போர்ச்சுகீசியமும் ஸ்பானிஷும் லத்தீனிலிருந்து பிறந்த அக்கா தங்கை. அந்தச் சொந்தம் இன்னோர் இடத்திலும் நமக்கு உதவும்.

தோற்பதற்கு வருவோம். தமிழில் அர்ஜென்டினாவிடம் தோற்றது என்கிறோம். ஸ்பானிஷில் 'இடம்' என்பதன் வேலையைச் செய்ய மூன்று சின்னச் சொற்கள் இருக்கின்றன: கோன், கோந்த்ரா, அந்தே. ஃப்ரான்சியா பெர்தியோ கோந்த்ரா அர்ஹெந்தினா. எதைப் போட்டாலும் புரியும், பழகும் வரை கோந்த்ராவையே பிடித்துக்கொள்ளுங்கள். கோல் கணக்கைச் சொல்ல 'போர்': போர் குவாத்ரோ அ தோஸ், நாலுக்கு ரெண்டு. நம் 'க்கு'வும் அவர்கள் 'அ'வும் அங்கே ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

2010 ஜூலை 11-ல் ஜோகன்னஸ்பர்க்கில் இனியெஸ்தா 116-வது நிமிடத்தில் அடித்த ஒரே கோலில் ஸ்பெயின் நெதர்லாந்தை ஜெயித்தது. அதையும் இப்படியே சொல்லலாம்: எஸ்பான்யா லே கனோ அ ஒலாந்தா போர் உனோ அ செரோ.

ஆட்டம் சமமாக முடிந்தால் எம்பாத்தே. சாதனையை முறியடிப்பதற்கு மட்டும் பத்தீர் என்று தனிச்சொல். இவை இரண்டையும் மனப்பாடம் செய்தால் போதும், விளக்க ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னது: ஆட்டம், கோப்பை, ஆள் மூன்றையும் கனார் ஜெயிக்கும், நம் 'ஜெயி' போலவே. ஆங்கிலத்தின் சுவர் ஸ்பானிஷில் இல்லை.

'நீ எவ்வளவு ஜெயிக்கிறாய்?'

இப்போது கனார் நம் 'ஜெயி'யைத் தாண்டிப் போகிற இடங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதல் கப்பலில் ஏறி ஒரு வாரம் கூட ஆகவில்லை. பெருக்காரர் ஒருவர் கேட்டார்: குவாந்தோ கனாஸ்? அப்போது எனக்குத் தெரிந்த கனார் ஒன்றே ஒன்று, ஜெயிப்பது. எவ்வளவு ஜெயிக்கிறாய் என்று எதைக் கேட்கிறார் என்று விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் உரசிக் காட்டினார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்.

சம்பாதிப்பதும் கனார்தான். ஆங்கிலத்தில் 'வின்' வேறு, 'எர்ன்' வேறு. தமிழிலும் ஜெயிப்பது வேறு, சம்பாதிப்பது வேறு. ஸ்பானிஷ் இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்திருக்கிறது: முன்பு இல்லாததைப் பாடுபட்டுத் தன் பக்கம் கொண்டுவருவது. கோப்பையானால் என்ன, சம்பளமானால் என்ன, உழைப்பில்லாமல் கைக்கு வராது.

இதற்கு அழகான சான்று ஒன்று இருக்கிறது. ஸ்பானிஷில் கால்நடைகளுக்குக் கனாதோ என்று பேர். கனாரிலிருந்து வந்த சொல், நேர்ப்பொருள் 'சம்பாதித்தது'. மாட்டுமந்தைதான் ஒருவன் சேர்த்த சொத்து என்றிருந்த காலத்தில் பிறந்தது. இதைக் கேட்டதும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த 400-வது குறள் ஞாபகம் வந்தது: "கேடில் விழுச்செல்வம் கல்வி ஒருவற்கு மாடல்ல மற்றை யவை." அங்கே மாடு என்பதற்குச் செல்வம் என்றே உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். ஸ்பானிஷ்காரர்கள் சொத்து என்ற சொல்லிலிருந்து மாட்டுக்குப் போனார்கள். நம் மொழியில் மாடும் செல்வமும் ஒரே சொல்லில் நிற்கின்றன. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு கூட்டத்தார், தொழுவத்தைப் பார்த்து ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள்.

லாபம் கனான்சியா. நட்டம் பெர்திதா. நாம் கணக்குப் பார்க்கும்போது லாப நட்டம் என்று லாபத்தை முன்னால் சொல்வோம். அவர்கள் கணக்கேட்டில் பெர்திதாஸ் இ கனான்சியாஸ், நட்டம்தான் முதலில்.

அடுத்து, உடல் எடை கூடினால் கனார் பேசோ. ஒரு காரியத்துக்கு அவகாசம் கிடைக்கும்படி செய்துகொண்டால் கனார் தியெம்போ. ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் 'கெயின்' வரும். தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி சொல்வோம்.

'கனார்செ' என்று கடைசியில் ஒரு 'செ' ஒட்டிக்கொண்டால் என்ன ஆகிறது என்பதைக் கவனியுங்கள். 'செ' என்றால் 'தனக்கு'. கனார்செ லா பீதா, பிழைப்பைப் பார்த்துக்கொள்வது. கனார்செ எல் ரெஸ்பேத்தோ, மரியாதையைச் சம்பாதித்துக்கொள்வது. மொழிபெயர்ப்பில் எப்படி 'கொள்' வந்து நின்றது பார்த்தீர்களா? நல்ல பேர் சம்பாதித்தார் என்பதற்கும் சம்பாதித்துக்கொண்டார் என்பதற்கும் உள்ள வித்தியாசம் தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வித்தியாசம்தான் இந்த 'செ'. எல்லா இடத்திலும் இது பொருந்தாது, ஆனாலும் கனார்செ விஷயத்தில் நன்றாகப் பொருந்துகிறது. ஆங்கில வழியில் படிக்கிறவர் இதற்கு ஒரு பக்கம் விளக்கம் படிக்க வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னது: கனார் என்பது ஜெயிப்பது, சம்பாதிப்பது, கூடுதலாகப் பெறுவது மூன்றும். பின்னால் 'செ' வந்தால் நம் 'கொள்'ளை நினைத்துக்கொள்ளுங்கள்.

காலாவதியும் கப்பல் பாதையும்

வெல்வதற்கு இன்னும் இரண்டு சொற்கள் உண்டு, பென்செர், தெர்ரோத்தார். இரண்டும் கனாரைவிடக் கனமானவை. போர், எதிரி, பெரிய தடை இதற்கெல்லாம் இவைதான். பயத்தை வென்றான் என்பதற்குப் பென்செர் சரியாக உட்காரும். சீசர் சொன்னதாக உலகம் முழுக்கச் சொல்லப்படும் 'வந்தேன், கண்டேன், வென்றேன்' ஸ்பானிஷில் பினே, பீ, பென்சீ. நம் எழுத்துத்தமிழில் 'வென்றான்' எப்படி ஒலிக்கிறதோ அந்த மிடுக்கு பென்செரில் இருக்கிறது. 'ஜெயிச்சான்' என்று நாம் சொல்கிற இடத்தில் கனார். இந்த ஒரு கோடு மனதில் இருந்தால் பெரும்பாலும் தப்பு வராது.

ஆனால் பென்செர் ஒரு பொல்லாத வேலையும் செய்யும். எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவன், முதல் ஒப்பந்தம் முடித்து ஊருக்கு வந்திருந்தான். அடுத்த கப்பலுக்கான ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து ஸ்பானிஷில் ஒரு வரிச் செய்தி வந்தது. அவனுடைய சான்றிதழின் பேர், அப்புறம் 'பென்ஸே எல் கின்ஸே'. கின்ஸே என்றால் 15 என்று அவனுக்குத் தெரியும். பென்ஸேயை அகராதியில் பார்த்தான், 'வெல்கிறது' என்றிருந்தது. சான்றிதழ் ஏதோ தேர்வில் வென்றுவிட்டது, 15-ந் தேதி கைக்கு வரும் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டான். உண்மையில் அந்தச் செய்தி சொன்னது: சான்றிதழ் 15-ந் தேதியோடு காலாவதியாகிறது, புதுப்பித்து அனுப்பு. அந்தக் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போனது. அந்த வீட்டில் அடுத்த நாலு மாசம் வருமானம் இல்லை. இவ்வளவு விரிவாக இதை எழுதுவதற்கு அவனும் ஒரு காரணம்.

கெடு முடிவது, தேதி கடப்பது, இதற்கும் பென்செர்தான். லத்தீன் அமெரிக்க நாடுகளில் மருந்து அட்டையிலும் பால் பாக்கெட்டிலும் காலாவதித் தேதிக்குப் பக்கத்தில் பென்சிமியெந்தோ என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். ஸ்பெயினில் அதற்குக் கதுசிதாத் என்பது வழக்கம். ஒரு தாளில் தேதிக்குப் பக்கத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் வெற்றியை மறந்துவிடுங்கள், உடனே நாட்காட்டியைப் பாருங்கள்.

தெர்ரோத்தாரிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதுவும் கப்பல்காரருக்கென்றே வெட்டியது போல. தெர்ரோத்தா என்றால் தோல்வி. ஆனால் ஸ்பானிஷ் கப்பலில் வரைபடங்கள் விரித்து வைத்திருக்கும் அறைக்குக் குவார்த்தோ தே தெர்ரோத்தா என்று பேர். தோல்வி அறையா? இல்லை. கப்பல் போகிற பாதைக்கும் தெர்ரோத்தா என்றே பேர். ஒரே எழுத்து, ஒரே ஒலி, இரண்டு சொல். இரண்டையும் பின்னோக்கித் துருவிக்கொண்டு போனால் லத்தீனில் 'உடைத்தது' என்ற பொருளுள்ள சொல்லில் போய் முட்டும். காட்டை உடைத்துப் போட்டது பாதை, உடைந்து சிதறிய படைக்குத் தோல்வி.

இதுவரை சொன்னது: பென்செரும் தெர்ரோத்தாரும் கனமான வெற்றிக்கு. தேதியோடு வரும் பென்செர் காலாவதி. கப்பலில் பார்க்கும் தெர்ரோத்தா பாதை.

தோற்பது, இழப்பது, தொலைப்பது, விடுவது

ஆங்கில 'லூஸ்' ஒன்று. தமிழில் அதைக் குறைந்தது மூன்றாகப் பிரிக்கிறோம். ஆட்டத்தில் தோற்கிறோம். பணத்தை, பதவியை, தகப்பனை இழக்கிறோம். சாவியைத் தொலைக்கிறோம். இவற்றை மாற்றிப் போட்டால் நமக்கே காது கூசும். சூதாட்டத்தில் மட்டும் தோற்பதும் இழப்பதும் ஒன்றாகிவிடும், தருமன் நாட்டைத் தோற்றான் என்று சொல்வோமே.

ஸ்பானிஷ் இந்த மூன்றையும் பெர்தேருக்குள் போட்டுவிட்டது. இவ்வளவும் 'லூஸ்' போலத்தான். ஆனால் பெர்தேர் இன்னும் நீளும். ரயிலை விட்டுவிட்டால் பெர்தி எல் த்ரென். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரத்துக்கு ரயிலே கிடையாது. தீவிலிருந்து பஸ் பிடித்து இந்தப் பக்கம் வந்துதான் ஏற வேண்டும். அந்த நாட்களில் எத்தனையோ பேர் இந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லியிருப்பார்கள்: ரயிலை விட்டுட்டேன். ஆங்கிலத்தில் இங்கே 'மிஸ்' வரும். ஸ்பானிஷில் பெர்தேர். 'மிஸ்' என்பதை அகராதியில் பார்த்துப் போனால், ஒருவர் பிரிவால் ஏங்குவதற்கான எச்சார் தே மேனோஸ் வந்து நிற்கும். ரயிலை நினைத்து ஏங்குகிறேன் என்று ஆகிவிடும்.

நாம் தினமும் கொடுத்து வாங்குகிற மிஸ்டு காலுக்கும் இதே வேர்தான், யமாதா பெர்திதா. நேரத்தை வீணாக்குவது பெர்தேர் எல் தியெம்போ. வழி தவறிப் போனால் மே பெர்தி, 'நான் தொலைந்துபோனேன்'.

கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நண்டு வலை போட்ட ஒருவரிடம் வலை எங்கே என்று கேட்டால், 'வலையைத் தொலைச்சுட்டேன்' என்று அவர் பெரும்பாலும் சொல்ல மாட்டார். 'வலை போச்சு' என்பார், 'தொலைஞ்சுபோச்சு' என்பார். நீரோட்டம் இழுத்திருக்கலாம், பெரிய படகு அறுத்திருக்கலாம். தொலைத்தேன் என்று சொன்னால் பொறுப்பு தன் தலையில். தொலைந்துபோச்சு என்று சொன்னால், நடந்தது, நான் செய்யவில்லை.

ஸ்பானிஷிலும் அதே இரண்டு வாசல் இருக்கின்றன. பெர்தி லாஸ் யாவெஸ், சாவியைத் தொலைத்தேன். செ மே பெர்தியெரோன் லாஸ் யாவெஸ், என் சாவி தொலைந்துபோச்சு. இரண்டாவதில் தொலைகிற வேலையைச் செய்வது சாவி. நான் வெறும் 'மே', அதாவது 'எனக்கு'. ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஐ லாஸ்ட்' என்றே ஒத்துக்கொள்வார்கள். ஆங்கில வழியில் ஸ்பானிஷ் படிக்கிறவர்களுக்கு 'செ மே' பெரிய பாடம். நமக்கு அது தொலை, தொலைந்துபோ என்கிற வீட்டுப் பேச்சு.

யாவே என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நம் சாவி போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது, கோப்பையைப் போல. சாவிக்கும் யாவேக்கும் பாட்டி ஒருத்தியே, லத்தீனின் கிளாவிஸ்.

இதுவரை சொன்னது: தோற்க, இழக்க, தொலைக்க, ரயிலை விட, நேரத்தை வீணாக்க, எல்லாம் பெர்தேர். தானாகத் தொலைந்தால் 'செ மே' வரும்.

லாட்டரி விழுவது

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடை செய்யப்பட்டது. ஆனால் அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. யாருக்காவது திடீர் அதிர்ஷ்டம் வந்தால், 'அவனுக்கு லாட்டரி விழுந்திருச்சு' என்கிறோம். யாரும் லாட்டரியை ஜெயித்தான் என்று சொல்வதில்லை. சொன்னால் பாட்டி கூடத் திருத்துவார்.

ஸ்பெயினில் ஒவ்வொரு டிசம்பர் 22-ம் தேதியும் கிறிஸ்துமஸ் லாட்டரி குலுக்கல் நடக்கிறது. 1812-ல் காதிஸ் நகரத்தில் தொடங்கியது. பெரிய பரிசுக்கு எல் கோர்தோ, அதாவது 'குண்டன்' என்று பேர். பரிசு கிடைத்தவர் சொல்வது: மே தொக்கோ லா லொத்தெரியா. சொல்லுக்குச் சொல், 'எனக்கு லாட்டரி தொட்டது'. நமக்கு விழுந்தது, அவர்களுக்குத் தொட்டது. வாக்கியத்தின் கட்டு ஒன்றே: லாட்டரி எழுவாய், ஆள் 'எனக்கு'. பாடுபட்டுக் கிடைப்பதற்குக் கனார் என்று முன்னால் சொன்னேனல்லவா? தானாக வந்து விழுவதற்கு நம் இரண்டு மொழியுமே ஆளைப் பின்னால் தள்ளிவிடுகின்றன.

தோற்றவனைக் கேலி செய்கிற 'லூசர்' பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். ஆட்டத்தில் தோற்றவர் பெர்தெதோர், அதில் இழிவு அதிகம் இல்லை. வாழ்க்கையிலேயே உருப்படாதவன் என்று திட்ட வேண்டுமானால் ஃப்ரகசாதோ. நம் ஊர் 'தோத்தாங்கோளி' இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, அதற்கு நேரான சொல்லை நான் எந்த மேசையிலும் கேட்டதில்லை. 'தோற்றுவிட்டதாக ஒத்துக்கொள்' என்பதற்குத் தார்செ போர் பென்சீதோ, விட்டுக்கொடுத்து விலகுவது.

ஒரு நாள் கடலுக்குப் போய் வந்தவரின் கதை

போன வாரம் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். மண்டபத்திலிருந்து வருகிற தம்பி ஒருவனுக்கு நாட்டுப்படகுக் குடும்பம். அவனே அவன் அப்பாவின் ஒரு நாளைத் தமிழில் சொன்னான், மற்றவர்கள் வினையை மட்டும் ஸ்பானிஷில் சொல்ல வேண்டும்.

காலையில் எழுந்திருக்க நேரமாகி முதல் பஸ்ஸை விட்டார். பெர்தியோ, சரியாகச் சொன்னார்கள். கடலில் ஒரு துண்டு வலை போச்சு. இரண்டு பேர் பெர்தியோ என்றார்கள், ஒருத்தன் செ லே பெர்தியோ என்றான், அவனைத் தட்டிக்கொடுத்தேன். அன்றைக்கு மீன்பாடு பரவாயில்லை, ஆயிரத்து இருநூறு ரூபாய் சம்பாதித்தார். கனோ. படகு லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கப்பலை விட்ட அந்தத் தம்பிதான் மூலையிலிருந்து சொன்னான், பென்ஸே.

கடைசி வாக்கியத்துக்கு எல்லோரும் முழித்தார்கள்: திரும்பும்போது எதிர்காற்று, ரொம்ப சிரமப்பட்டுக் கரை சேர்ந்தோம்.

"அண்ணே, இதுல ஜெயிக்கிறதும் இல்ல, தோக்கிறதும் இல்லையே" என்றான் மண்டபத்துத் தம்பி.

சாதாரணமாக இதற்கு யேகார், 'வந்து சேர்வது', போதும். ஆனால் சிரமப்பட்டு ஓர் இடத்தை எட்டினால் ஸ்பானிஷ் எழுத்தில் கனாரும் வரும். அகராதியே உதாரணமாகக் காட்டுவது கரையைத்தான். கனாமோஸ் லா ஒரியா. கரையை ஜெயித்தோம், கரையைச் சம்பாதித்தோம், கரை சேர்ந்தோம்.